ஒரு வாக்கும் சில கேள்விகளும்

வாப்பாவின் நாற்பதாம் நாள் கத்தத்தன்று சஹன் சாப்பாடு முடிந்து கை கழுவப் போன இடத்தில் தூரத்து உறவுக்காரர் ஒருவர் என் தோளில் கை வைத்துக் கேட்டார்: "சேர், வாப்பாவக் கடைசி நேரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகல்லயாமே, மெய்தானா?"

"ஓம், கொண்டு போகல்ல" என்றேன்.

அவர் குறை சொல்லும் நோக்கத்தில் கேட்டவரல்லர். "ஏன்?" என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கேள்வி ஊரில் பலருடைய வாயில் இருந்தது என்பதை நான் அறிவேன். பெற்ற பிள்ளைகள் மூவர், அதில் ஒருவன் பள்ளிக்கூடத்து வாத்தியார், வாசலில் மோட்டார் சைக்கிளும் கையில் தொலைபேசியும் இருந்தும் தகப்பனை வீட்டிலேயே மௌத்தாக விட்டார்கள் என்றால் அதற்கு ஊர் ஒரு காரணத்தைத் தேடும். அக்காரணத்தை நானே எழுதிவிட வேண்டும் என்று தோன்றியதால் இதை எழுதுகிறேன். என்னை நியாயப்படுத்துவது மட்டும் இதன் நோக்கமன்று. இதே நிலையில் இன்று பல வீடுகள் இருக்கின்றன. வயது முதிர்ந்த தாயோ தகப்பனோ "எனக்கு அதெல்லாம் வேணாம்" என்று சொல்லிவிட்டால் பிள்ளைகள் என்ன செய்ய வேண்டும்? அச்சொல்லுக்குக் கட்டுப்படுவது பணிவிடையா, கைவிடுதலா? இதுவே கேள்வி.

வாப்பா எங்கள் பகுதியில் நீண்ட காலம் வட்டவிதானையாக இருந்தவர். எந்த வயலுக்கு எப்போது தண்ணீர் திறக்க வேண்டும், எப்போது மறிக்க வேண்டும் என்பதுதான் அவருடைய வாழ்நாள் தொழில். 2023ஆம் ஆண்டு தமது 82ஆவது வயதில் மௌத்தானார். அதற்கு முன் நான்கு வருடங்களாக அவரது இருதயம் பலவீனமடைந்து வந்தது. கால்கள் வீங்கின. மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டும். இரவுகளில் மூன்று தலையணைகளை அடுக்கிச் சாய்ந்திருந்தே தூங்கினார். எங்கள் பகுதி வழக்கப்படி வீடு பெண்பிள்ளைக்கு என்பதால், வாப்பா தங்கச்சியின் வீட்டில் இருந்தார். நான் மனைவியின் வீட்டில், இரண்டு ஒழுங்கைக்கு அப்பால். தம்பி கட்டாரில். ஆகவே, வாப்பாவின் உடுப்பைத் துவைத்தவளும், கால் பிடித்தவளும், இரவில் எழுந்திருந்தவளும் தங்கச்சிதான். முடிவெடுக்கும் பேச்சு வந்தபோது மட்டும் ஆண்பிள்ளைகளாகிய நாங்கள் முன்னால் நின்றோம். இதை முதலிலேயே ஒப்புக்கொள்வது நல்லது.

வாப்பா சொன்ன வார்த்தைக்கு ஒரு முன்கதை உண்டு. 2014இல் உம்மாவுக்கு இரண்டாவது தடவையாகப் பாரிசவாதம் வந்தது. பெரிய வைத்தியசாலையில் சேர்த்தோம். மூன்றாம் நாள் அவரது இருதயம் நின்றது. நெஞ்சை அமுக்கி, மின்னதிர்ச்சி கொடுத்து, அதனை மீண்டும் ஓட வைத்தார்கள். பிறகு பதினொரு நாட்கள் தீவிர சிகிச்சைப் பிரிவில் தொண்டைக்குள் குழாயோடு கிடந்து உம்மா மௌத்தானார். குழாயைப் பிடுங்கிவிடாதபடி கையைத் துணியால் கட்டிலோடு கட்டியிருந்தார்கள். நெஞ்செல்லாம் கண்டிப்போயிருந்தது. தலைத் துணி இல்லை. அந்நிய ஆணின் முன் ஒருநாளும் முக்காடு விலகாத உம்மாவை வாப்பா அந்தக் கோலத்தில் தினமும் சில நிமிடங்கள் நின்று பார்த்துவிட்டு வந்தார். அங்கிருந்தவர்கள் மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை. அவர்கள் தம் கடமையைச் செய்தார்கள். எல்லாவற்றையும் செய்யுங்கள் என்று கையொப்பமிட்டவன் நான். உம்மாவிடம் நாங்கள் எதையும் கேட்டு வைத்திருக்கவில்லை.

வாப்பா தமது விருப்பத்தை முதன்முதலில் சொன்னது 2020 டிசம்பரில். "மகன், எனக்கு மூச்சு நிண்டா நிண்டதுதான். நெஞ்சில ஏறி அமுக்க வேணாம். குழாய் போட வேணாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேணாம். கலிமாவச் சொல்லித் தாங்க, போதும்" என்றார். தம்பிக்குத் தொலைபேசியில் சொன்னபோது அவன் உடனே மறுத்தான். "காக்கா, அது பயத்தில சொன்ன பேச்சு. அதப் பிடிச்சுக்கிட்டு இருக்காதீங்க" என்றான்.

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. அந்தக் காலத்தை நம் சமூகம் மறந்திருக்காது. 2020 ஏப்ரலில் வெளியான வர்த்தமானி கொரோனாவால் இறந்தோரின் உடல்களை எரிப்பதைக் கட்டாயமாக்கியிருந்தது. 2021 பெப்ரவரி இறுதியில் புதிய வர்த்தமானி வந்து, மார்ச்சில் ஓட்டமாவடியில் அடக்கம் செய்யத் தொடங்கும் வரை, வைத்தியசாலைக்குப் போனால் ஜனாஸா கைக்கு வருமா என்ற அச்சம் ஒவ்வொரு முதியவரின் நெஞ்சிலும் இருந்தது. காய்ச்சலை மறைத்தவர்களும் உண்டு. அந்த அச்சத்தில் ஒருவர் "ஆஸ்பத்திரி வேணாம்" என்றால், அது அவருடைய விருப்பமா, அல்லது காலம் அவர் வாயில் திணித்த வார்த்தையா?

இங்கேதான் முதற் கேள்வி பிறக்கிறது. ஒருவர் சொன்ன எல்லாமே அவருடைய விருப்பமாகிவிடுமா? பயத்தில், கோபத்தில், "பிள்ளைகளுக்குச் சுமையாகிவிட்டேனே" என்ற வெட்கத்தில் சொல்லும் வார்த்தைகள் உண்டு. வகுப்பறையில் பிள்ளை "எனக்குப் பசிக்கல்ல சேர்" என்று சொன்னால் சாப்பாடு கொண்டு வரவில்லை என்றுதான் பெரும்பாலும் பொருள். சொல்லை மட்டும் கேட்டுவிட்டுப் போகும் ஆசிரியர் நல்ல ஆசிரியரல்லர். பெற்றோரின் சொல்லும் அவ்வாறே. ஆகவே காத்திருந்தேன். அடக்கம் செய்யும் உரிமை மீண்டும் கிடைத்து, கொரோனாவும் தணிந்த பிறகு, 2022இல் ஒரு நாள் கிளினிக்கிலிருந்து திரும்பியதும், தங்கச்சியையும் அருகில் வைத்துக்கொண்டு மீண்டும் கேட்டேன். "வாப்பா, நீங்க முந்திச் சொன்னது மையத்த எரிச்சிருவாங்க என்ட பயத்திலயா? இப்ப அந்தப் பயம் இல்லதானே?"

அவர் சிரித்தார். "கதிர் முத்தினா வயல்ல நிக்கிற தண்ணிய வடியத்தானே விடுவாங்க. அறுவடைக்கு வந்த வயலுக்குத் தண்ணி கட்டுறவன் விதானையா?" என்றார். பிறகு, சிரிப்பு நின்று, "உங்கட உம்மாவ நான் பாத்தன் மகன்" என்றார். சுமையாகிவிட்டேன் என்று நினைக்கிறாரோ என்று தங்கச்சி அழுதபடி கேட்டாள். "இல்ல மகள். நீ பாக்கிறத விட்டுட்டு அங்க போய்க் கிடக்க எனக்கு விருப்பமில்ல" என்றார். பயம் நீங்கிய பிறகும் மாறாத வார்த்தை. அன்றுதான் அது அவருடைய விருப்பம் என்று ஏற்றுக்கொண்டேன்.

அடுத்தது அறிவு பற்றிய கேள்வி. நாம் எதை வேண்டாம் என்கிறோம் என்று தெரிந்துகொண்டுதான் சொல்கிறோமா? நெஞ்சை அமுக்கி இருதயத்தை ஓட வைக்கும் இன்றைய முறை 1960இல் அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் மருத்துவமனையைச் சேர்ந்த மூவர் எழுதிய கட்டுரையோடு உலகெங்கும் பரவியது. சத்திரசிகிச்சை மேசையில் திடீரென இருதயம் நின்றவர்களுக்கும், நீரில் மூழ்கியவர்களுக்கும், மின்சாரம் தாக்கியவர்களுக்கும் அது பெரிய கொடை. ஆனால் சில வருடங்களில் வைத்தியசாலைகளில் இறக்கும் எல்லோர்மீதும் அதைச் செய்யும் வழக்கம் வந்துவிட்டது. 1974இல் அமெரிக்க இருதயச் சங்கமே, தீராத நோயின் முடிவில் எதிர்பார்த்தபடி வரும் மரணத்துக்கு இம்முறை உரியதன்று என்று கூற வேண்டியதாயிற்று. 1976இல் பொஸ்டன் நகரத்து வைத்தியசாலைகள், "உயிர்ப்பிக்க முயல வேண்டாம்" என்று முன்கூட்டியே பதிவுசெய்யும் ஒழுங்குகளைப் பகிரங்கமாக வெளியிட்டன. இன்று வைத்தியர்கள் டீ.என்.ஆர். என்று சுருக்கிச் சொல்வது இதைத்தான்.

2004 டிசம்பர் ஆழிப்பேரலைக்குப் பிறகு எங்கள் கரையோரப் பாடசாலைகளில் நடந்த முதலுதவிப் பயிற்சி ஒன்றில் நானும் இதைக் கற்றேன். நெஞ்சின் நடுவில் இரு கைகளையும் வைத்து, ஐந்து சென்ரிமீற்றர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு நூறு தடவைக்குக் குறையாமல் அமுக்க வேண்டும். வயதானவர்களுக்கு விலா எலும்பு முறிவது சாதாரணம். சினிமாவில் கதாநாயகன் நான்கு அமுக்கு அமுக்கியதும் கண் விழித்துவிடுகிறார். 1996இல் வெளியான ஓர் ஆய்வு, அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர்களில் இவ்வாறு உயிர்ப்பிக்கப்படுவோரில் நான்கில் மூவர் பிழைத்துவிடுவதாகக் காட்டப்பட்டதைக் கணக்கெடுத்தது. நடைமுறையோ வேறு. வசதி மிகுந்த நாடுகளில்கூட, வைத்தியசாலைக்குள்ளேயே இருதயம் நின்றவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவரே வீடு திரும்புகிறார். வெளியே நின்றால் பத்தில் ஒருவர் என்ற அளவு. இது எல்லா வயதினரையும் சேர்த்த கணக்கு. இருதயம் படிப்படியாகக் களைத்து நிற்கும் எண்பது வயதுக்காரருக்கு இவ்வாய்ப்பு இன்னும் மிகக் குறைவு. திரும்பினாலும் பழைய ஆளாகத் திரும்புவது அரிது. இவற்றைக் கிளினிக்கில் இருந்த வைத்திய அம்மணி பொறுமையாகச் சொன்னார். வாப்பாவுக்கும் சொன்னார். வாப்பாவின் விருப்பம் அறியாமையில் பிறந்ததன்று.

மூன்றாவது கேள்வி மார்க்கம் பற்றியது. வைத்தியத்தை மறுப்பது தற்கொலைக்கு ஒப்பாகாதா? துன்பத்தின் காரணமாக மௌத்தை ஆசைப்படுவதைக்கூட நபியவர்கள் (ஸல்) தடுத்திருக்கிறார்களே? தம்பியின் வலுவான வாதம் இதுதான். இதை அசட்டை செய்ய முடியாது.

நான் ஆலிமல்லன். ஆனால், படித்தவற்றைக் கொண்டு யோசித்தேன். எங்கள் பள்ளிவாசல் மௌலவியிடமும் கேட்டேன். நமது ஷாபிஈ மத்ஹபில் வைத்தியம் செய்துகொள்வது விரும்பத்தக்கது. கட்டாயக் கடமையன்று என்பதே பிரபலமான கருத்து. நோய்க்கு மருந்து தேடுங்கள் என்று ஏவிய அதே ஹதீஸில், மருந்தில்லாத ஒன்றாக முதுமை விதிவிலக்குச் செய்யப்பட்டிருப்பதும் கவனிக்கத்தக்கது. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் தவக்குலைப் பற்றி எழுதும் இடத்தில், தீங்கை நீக்கும் காரணிகளை மூன்றாகப் பிரிக்கிறார்கள். தாகத்துக்குத் தண்ணீரும் பசிக்கு உணவும் போன்ற உறுதியானவை முதல் வகை. இவற்றை விட்டுவிடுவது தவக்குலாகாது. உயிருக்கு ஆபத்து வரும்போது விடுவது ஹராம். மருந்தும் இரத்தம் குத்தி எடுத்தலும் போன்ற, பெரும்பாலும் பயன்தரக்கூடியவை இரண்டாம் வகை. செய்வதும் தவக்குலுக்கு முரணன்று, விடுவதும் ஹராமன்று. சூடு போடுதல் போன்ற, பலன் வெறும் ஊகமாக இருப்பவை மூன்றாம் வகை.

இப்பிரிவு எனக்குப் பெரிய வெளிச்சமாக இருந்தது. ஒரே செயல் ஆளுக்கேற்ப வகை மாறும். குளத்தில் மூழ்கிய பத்து வயதுப் பிள்ளையின் நெஞ்சை அமுக்குவது முதல் வகைக்கு மிக நெருக்கமானது. அதைத் தெரிந்தவன் செய்யாமல் நின்றால் அல்லாஹ்விடம் பதில் சொல்ல வேண்டியிருக்கும். நேற்றுவரை வயலுக்குப் போய் வந்த ஐம்பது வயதுக்காரர் திடீரெனச் சரிந்தாலும் அவ்வாறே. ஆனால், நான்கு வருடமாக ஓய்ந்து ஓய்ந்து வந்து நின்ற இருதயத்தை அமுக்குவது மூன்றாம் வகை. அங்கே பயன் ஊகம், வலி உறுதி.

நவீன கால அறிஞர்களும் இதைப் பேசாமலில்லை. 1986இல் அம்மானில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹு அகடமி, மூளை முற்றாகச் செயலிழந்துவிட்டதென நிபுணர்கள் தீர்மானித்தால் இயந்திரங்களை அகற்றலாம் என்றது. சவூதி அரேபியாவின் பத்வாக்களுக்கான நிரந்தரக் குழு ஹிஜ்ரி 1409இல் வெளியிட்ட 12086ஆம் இலக்க பத்வா, பயனில்லை என்று நம்பகமான மூன்று நிபுணத்துவ வைத்தியர்கள் ஒருமித்துக் கூறினால் உயிர்ப்பிக்க முயல வேண்டியதில்லை என்கிறது. ஆனால், இவை வைத்தியசாலைக்குள் எழும் நிலைமைகளை முன்வைத்தவை. ஒழுங்கைக்குள் இருக்கும் வீட்டில், தஹஜ்ஜுத் நேரத்தில், மூன்று நிபுணர்களை எங்கே தேடுவது? வீட்டில் இருப்பது நோயாளியின் வார்த்தையும் பிள்ளைகளின் மனச்சாட்சியும்தான். அந்த வார்த்தைக்கு மார்க்கத்தில் என்ன மதிப்பு?

இங்கே இரண்டு சம்பவங்கள் என் நினைவுக்கு வந்தன. முதலாவதை இப்னு அப்பாஸ் (ரழி) அவர்கள் அறிவிக்கிறார்கள். வலிப்பு நோயுள்ள கறுப்பு நிறப் பெண்ணொருவர் நபியவர்களிடம் வந்து துஆக் கேட்கிறார். பொறுத்துக்கொண்டால் சுவர்க்கம், விரும்பினால் சுகத்துக்காகப் பிரார்த்திக்கிறேன் என்று இரண்டு வழிகளை அவர்கள் காட்டுகிறார்கள். அப்பெண் பொறுமையைத் தேர்ந்தெடுக்கிறார். ஆனால், வலிப்பு வரும்போது என் உடல் வெளிப்படுகிறது, அது நேராதிருக்க மட்டும் துஆச் செய்யுங்கள் என்று கேட்கிறார். நோயை ஏற்றுக்கொண்டார், மானத்தை விட்டுக்கொடுக்கவில்லை. தெரிவு நோயாளிக்கே கொடுக்கப்பட்டது. கட்டிலில் தலைத் துணியின்றிக் கிடந்த உம்மாவை நினைக்கும்போதெல்லாம் இந்தப் பெண்மணி என் நினைவுக்கு வருகிறார்.

இரண்டாவதை ஆயிஷா (ரழி) அவர்கள் அறிவிக்கிறார்கள். நபியவர்களின் இறுதி நோயின்போது வீட்டார் அவர்களின் வாயோரத்தில் மருந்தை ஊற்றினர். வேண்டாமென்று அவர்கள் சைகை காட்டினார்கள். நோயாளிக்கு மருந்தில் இயல்பாக உள்ள வெறுப்பு என்று எண்ணி வீட்டார் ஊற்றிவிட்டனர். தெளிவு வந்ததும், நான் தடுக்கவில்லையா என்று கேட்டார்கள். வீட்டில் இருந்த ஒவ்வொருவருக்கும் அதே மருந்தை ஊற்றச் செய்தார்கள். அப்போது அங்கிருக்காத அப்பாஸ் (ரழி) அவர்களுக்கு மட்டும் விலக்கு.

இந்த ஹதீஸை மத்ரஸாவில் சிறு வயதில் ஒரு வேடிக்கையைப் போலக் கேட்டிருக்கிறேன். நாற்பது வயதுக்குப் பிறகு வாசித்தபோது நடுங்கிவிட்டது. வீட்டார் கெட்டவர்களா? உலகத்தில் அவர்களைவிட அந்த நோயாளியை நேசித்தவர்கள் யார்? அன்பினால்தான் செய்தார்கள். "நோயாளிதானே, அப்படித்தான் சொல்வார்" என்ற எண்ணத்தில் செய்தார்கள். நாமும் இதைத்தான் சொல்கிறோம். நேசிப்பதனாலேயே மற்றவரின் "வேண்டாம்" என்ற சொல்லை மீறும் உரிமை வந்துவிடாது என்பதை நான் இச்சம்பவத்தில் படித்தேன். அது ஒரு மருந்து பற்றிய சம்பவம், மரண நேரத்துச் சட்டம் அன்று என்று மௌலவி எச்சரித்தார். அதை ஏற்கிறேன். சட்டத்தை அதிலிருந்து நான் எடுக்கவில்லை, ஒழுக்கத்தை எடுத்துக்கொள்கிறேன்.

தற்கொலை என்ற வாதத்துக்கு வாப்பாவே ஒரு பதில் வைத்திருந்தார். அவர் மௌத்தைக் கேட்கவில்லை. மாத்திரைகளை நேரம் தவறாமல் விழுங்கினார். கிளினிக் நாளைத் தவறவிடவில்லை. உப்பைக் குறைத்தார். "ரப்பு கூப்பிட்டாப் போறன். போனவனப் பொறகால நிண்டு இழுக்க வேணாம்" என்பதுதான் அவருடைய பேச்சு. மரணத்தை வரவழைப்பதும், வந்த மரணத்தோடு மல்லுக்கட்ட மறுப்பதும் ஒன்றல்ல. முன்னதில் மனிதனின் கை உயிரை எடுக்கிறது. பின்னதில் மனிதன் தன் கையைக் கட்டிக்கொள்கிறான். மேல்நாடுகளில் விஷ ஊசியால் உயிரைப் போக்கச் சட்டம் கேட்பவர்களின் வாதத்தோடு இதைக் கலந்துவிடக் கூடாது.

இனி, மகனின் கடமை பற்றிய கேள்வி. பனூ இஸ்ராயீல் அத்தியாயத்தின் 23ஆம், 24ஆம் வசனங்கள் முதுமையடைந்த பெற்றோருக்குச் "சீ" என்றுகூடச் சொல்லாதே என்கின்றன. பணிவெனும் இறக்கையைத் தாழ்த்தச் சொல்கின்றன. தம்பி இவ்வசனங்களைக் காட்டித்தான் "கொண்டு போங்க" என்றான். நானும் இவ்வசனங்களைக் கொண்டுதான் "கொண்டு போக மாட்டேன்" என்றேன். பணிவு என்பது பெற்றோருக்கு எது நல்லதென்று நாம் தீர்மானிப்பதா, அல்லது அவர்கள் தீர்மானித்ததைச் சுமப்பதா? குழந்தையின் விடயத்தில் தீர்மானிப்பது நாம். தகப்பன், எவ்வளவு முதிர்ந்தாலும், குழந்தையல்லர். அவருக்குப் புத்தி தெளிவாக இருந்தபோது சொன்ன வார்த்தையை, புத்தி மங்கிய நேரம் பார்த்து நாம் மீறினால், அவரது பலவீனத்தை நாம் பயன்படுத்திக்கொண்டோம் என்றுதான் ஆகும்.

இன்னொன்றையும் மனம் திறந்து சொல்ல வேண்டும். தம்பியின் மனதில் இருந்தது வேறொரு வேதனை. "ஒரு கிழமை மெஷினில வச்சிருந்தாலும் நான் வந்து முகத்தப் பாத்திருப்பன் காக்கா" என்று பிறகு சொன்னான். அந்தப் பாலைவனத்தில் எங்கள் குடும்பத்துக்காக உழைப்பவன் அவன். அவனது ஏக்கத்தை யார் பழிக்க முடியும்? ஆசிரியர் கலாசாலையில் கல்வித் தத்துவப் பாடத்தில் கான்ட் என்ற ஜேர்மனிய அறிஞரைப் பற்றிப் படித்தோம். எந்த மனிதரையும் வெறும் கருவியாக மட்டும் நடத்தாதே என்பது அவரது கொள்கை. பரீட்சைக்காக மனனம் செய்தது அன்று புரியவில்லை. மகன் வந்து பார்ப்பதற்காகத் தகப்பனின் உடலை ஒரு வாரம் இயந்திரத்தில் வைத்திருந்தால், அந்த ஒரு வாரம் வாப்பா யாருக்காக இருந்திருப்பார்? ஊர் பேசாமலிருக்க அம்புலன்சில் ஏற்றினால், அந்தப் பயணம் யாருக்காக? நம் பாசமும் நம் மானமும் அவரது நெஞ்செலும்பின் மேல் ஏறி நிற்கலாகாது.

ஆனால், இங்கே ஒரு பெரிய ஆபத்தையும் குறிப்பிட வேண்டும். "வாப்பா வேணாம் என்டு சொன்னாரு" என்பது சோம்பேறிப் பிள்ளைகளுக்கு வாய்ப்பான வாக்கியமாகிவிடும். உயிர்ப்பிக்க முயலாதிருப்பது என்பது வைத்தியம் செய்யாதிருப்பதன்று. மாறாக, அந்த வார்த்தையை ஏற்றுக்கொண்டவனின் வேலை இரட்டிப்பாகிறது. தங்கச்சி இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை அவரைப் புரட்டிப் படுக்க வைத்தாள். முதுகில் ஒரு புண் வரவில்லை. வாய் உலராமல் பஞ்சை நனைத்து ஒற்றினாள். மூச்சுத் திணறலைத் தணிக்கும் மருந்தை வைத்தியரிடம் கேட்டு வாங்கினோம். விழுங்க முடிந்த வரை கஞ்சி ஊட்டினோம். கஸ்ஸாலி இமாமின் முதல் வகையை ஒருநாளும் விடவில்லை. இவற்றைச் செய்யாதவன் தகப்பனின் விருப்பத்தைப் பற்றிப் பேசத் தகுதியற்றவன்.

அந்த இரவு ஸுபஹுக்கு ஒன்றரை மணித்தியாலம் முன்பாகத் தங்கச்சி அழைத்தாள். நான் போனபோது மூச்சு இடைவெளி விட்டு விட்டு வந்தது. கை கால் குளிர்ந்திருந்தது. காதருகில் கலிமாவைச் சொன்னேன். உதடு அசைந்ததைக் கண்டோம். மச்சான் யாஸீன் ஓதிக்கொண்டிருந்தார். பிறகு ஒரு மூச்சு வெளியே போனது, அடுத்தது வரவில்லை.

தங்கச்சியின் மகன், பதினேழு வயது, கையடக்கத் தொலைபேசியில் 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்தை அழுத்தி வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தான். அழைத்தால் அவர்கள் வருவார்கள். வந்தால் நெஞ்சை அமுக்குவார்கள். அது அவர்களுடைய கடமை. இதை நான் முன்பே அவனுக்குச் சொல்லியிருந்தேன். தெரிந்தும் அவன் விரல் அங்கே போயிருந்தது. அவனைக் குறை சொல்லும் தகுதி எனக்கில்லை, ஏனென்றால் என் கைகளும் வாப்பாவின் நெஞ்சின் மேல் இருந்தன. எப்போது வைத்தேன் என்று எனக்கே தெரியாது. பயிற்சியில் சொல்லித் தந்த அதே இடத்தில், ஒரு கை மேல் மறு கை.

தங்கச்சி "காக்கா" என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை.

கையை எடுத்தேன். மருமகனைப் பார்த்து "வேணாம் மகன்" என்றேன். வாப்பாவின் கண்களை மூடினேன்.

சரியாகத்தான் செய்தேனா என்று இன்றும் சில இரவுகளில் கேட்டுக்கொள்கிறேன். உம்மாவின் விடயத்தில் எல்லாவற்றையும் செய்தேன், அதற்காக வருந்துகிறேன். வாப்பாவின் விடயத்தில் கையை எடுத்தேன். அதற்காக வருந்தவில்லை, ஆனால் அந்த நிமிடத்தின் பாரம் குறையவுமில்லை. இரண்டு பாரங்களுக்கும் வித்தியாசம் உண்டு. முதலாவது, கேட்காமல் செய்த பாரம். இரண்டாவது, கேட்டு ஏற்றுக்கொண்ட பாரம். இரண்டாவதைச் சுமக்க முடிகிறது. தம்பி ஆறு மாதம் கழித்து வந்தான். மையவாடியில் நின்று துஆச் செய்துவிட்டுத் திரும்பும் வழியில், "வாப்பா கடைசியாப் பேசினது என்ன?" என்று கேட்டான். "தங்கச்சிக்கிட்டத் தண்ணி கேட்டாரு. குடிச்சிட்டு அல்ஹம்துலில்லாஹ் என்டாரு" என்றேன். அவன் என்னோடு இன்னும் முழுமையாக உடன்படவில்லை. ஆனால், அதைத் திரும்பத் திரும்பக் கேட்டான்.

வாசகர்களுக்குச் சொல்ல விரும்புவது இவ்வளவுதான். பெற்றோரிடம் கேளுங்கள். அவர்கள் பேசக்கூடிய நாளில் கேளுங்கள். மௌத்தைப் பற்றிப் பேசினால் மௌத்து வந்துவிடாது. ஒரு தடவை கேட்டதோடு விடாமல், பயமும் கோபமும் இல்லாத இன்னொரு நாளிலும் கேளுங்கள். எல்லாப் பிள்ளைகளும் இருக்கும்போது, வெளிநாட்டில் இருப்பவரைத் தொலைபேசியிலாவது சேர்த்துக்கொண்டு கேளுங்கள். எங்கள் வீட்டில் இந்த ஒன்றை நான் செய்யத் தவறினேன். இரண்டாம் முறை வாப்பா சொன்னதைத் தம்பி தன் காதால் கேட்கவில்லை. கேட்டதை ஒரு தாளில் எழுதி வையுங்கள். வைத்தியரிடமும் மௌலவியிடமும் காட்டுங்கள். "எனக்கு எல்லாம் செய்யுங்க, கடைசி வரை பாருங்க" என்று அவர்கள் சொன்னால், அதுவும் அமானிதம்தான். அப்போது நள்ளிரவென்றும் பாராமல் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். இருவகையிலும் பிள்ளையின் கடன் ஒன்றே: அவர்கள் சொன்னதைக் காப்பது. இரவில் எழுந்து பார்க்கும் மகளின் சொல்லுக்கு, மறுநாள் காலையில் வரும் மகனின் சொல்லைவிட முதலிடம் கொடுங்கள்.

கத்தத்தன்று தோளில் கை வைத்துக் கேட்ட அந்தப் பெரியவருக்கு அன்று நான் சொல்லாமல் விட்டது இதுதான்: வாப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகவில்லை. அவர் வேண்டாம் என்று இரண்டு தடவை சொல்லியிருந்தார். நாங்கள் அவர் பக்கத்தில் இருந்தோம்.